எண்ணை நம்புமுன் எண்ணிப் பாருங்கள்!

(தோழர்கள் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சொல்லை ஐயுறுவோன்கூட, 'நூற்றுக்கு இத்தனை பேர்' என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப் போகிறான். அந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பவர் எத்தனை பேர்?

அமெரிக்க நாட்டிலே, 2023 டிசம்பரில் ஓர் இணையவழிக் கருத்துக்கணிப்பு வெளிவந்தது. ஹிட்லர் ஆட்சி நடத்திய யூத இனப் படுகொலை வெறும் கட்டுக்கதை என்று, முப்பது வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 20 பேர் கருதுவதாக அது கூறிற்று. இளைய தலைமுறையே நஞ்சேறிவிட்டதோ என்ற கலக்கம் எழுந்தது.

பியூ ஆய்வு மையத்தார் அதே கேள்வியை 2024 ஜனவரியில் கேட்டனர். யாரிடம்? வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, அஞ்சல் வழியே அழைத்துச் சேர்த்த மக்களிடம்! கிடைத்ததோ, நூற்றுக்கு 3!

இருபது எங்கே, மூன்று எங்கே? விரும்பியவரெல்லாம் நுழையலாம், விடையளித்தால் சிறு சன்மானம் உண்டு என்னும் கணிப்புகளிலே, கேள்வியைப் படியாமலே 'ஆம், ஆம்' என்று குறித்துச் செல்வோர் உண்டு. வயதைப் பொய்யாகப் பதிவோரும் உண்டு.

சான்று வேண்டுமா? 2022-இல் அத்தகைய திறந்த கணிப்பொன்றில், அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலை இயக்க உரிமம் உண்டா என்று அம்மையம் கேட்டது. முப்பதுக்குட்பட்டோர் என்று பதிந்தவரில் நூற்றுக்கு 12 பேர், 'உண்டு' என்றனர்! உண்மையிலோ, நூற்றுக்கு ஒருவர்கூட இரார்.

பொய்யைப் பிடிக்க வலைகள் பல. 'இங்கே நான்காம் விடையைக் குறிக்கவும்' என்று நடுவே ஒரு கட்டளை. ஒரே பொருளை நேராகவும் எதிராகவும் கேட்டு முரண் காணல். பத்து நிமிட வினாத்தாளை ஒரே நிமிடத்தில் முடித்தவரையும், வரிசை முழுதும் ஒரே கட்டத்தைக் குறித்தவரையும் ஐயுறல். ஒன்றிலே தப்பியவர் மற்றொன்றிலே சிக்குவார். ஆதலால் ஒரு வலை போதாது.

இதில் நமக்கென்ன என்பீரோ? கவனமின்றி இட்ட குறிகள், ஒரு தலைமுறையின் மீதே பழி சுமத்தின! நாளை எந்த மக்கள் மீதும் அப்பழி விழலாம்; அதை மேடையிலே முழங்குவது நம் நாவாகவும் இருக்கலாம்.

ஆகவே, தோழர்களே, ஓர் எண் வந்ததும் கேளுங்கள்: யாரைக் கேட்டனர்? எப்படித் தேர்ந்தனர்? பொய் விடையை எவ்வாறு களைந்தனர்? மாற்றார் காட்டும் எண்ணிடம் மட்டுமல்ல, நமக்கு இனிக்கும் எண்ணிடமும் இதையே கேளுங்கள். விடை கிடைக்கும்வரை அது மேடை ஏறவேண்டாம்!