வன்னிக் காட்டில் மூன்று நாள்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றித்தான் பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்று தப்பிவிட்டீர்கள். மண்டபத்தின் பின்சுவரில் மாட்டியிருக்கும் பன்னிரண்டு படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று சொல்லும்படி செயலாளர் கேட்டார். படங்கள் என்னுடையவை அல்ல. ரொறன்ரோவில் கணக்காளராக இருக்கும் என் வகுப்புத் தோழியுடையவை. பேசுகிற வேலையை அவள் என் தலையில் கட்டிவிட்டாள். நான் வாகனம் ஓட்டினேன், முக்காலி தூக்கினேன். அந்தத் தகுதியோடு நிற்கிறேன்.

கடந்த மாசியில் போனோம். பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் தாண்டி முல்லைத்தீவு. அங்கிருந்து கரையோரமாக அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய். திரும்பும்போது முள்ளியவளை, ஒட்டுசுட்டான், மாங்குளம். மாசியில் மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும். வடக்கேயிருந்து வந்த பறவைகள் இன்னும் திரும்பியிரா. காலபோக அறுவடையும் நடக்கும். தார் வீதியின் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் மாடு நிற்கும். படம் எடுப்பவருக்கு நல்ல காலம், வாகனம் ஓட்டுபவருக்கு அல்ல.

படப்பிடிப்பில் ஆர்வமுள்ள தங்கைமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வட்டுவாகல் பாலத்தில் நின்றால் கிழக்கே கடல், மேற்கே நந்திக்கடல். நின்ற இடத்தில் நின்றபடியே காலையில் கடலிலிருந்து சூரியன் எழுவதையும் மாலையில் களப்புக்கு மேலே இறங்குவதையும் எடுக்கலாம். ஆறு மணிக்குப் பிறகு களப்புநீர் செம்பு நிறமாகி, பிறகு ஈய நிறமாகும். அந்த மாற்றத்துக்குப் பத்து நிமிடம்கூட எடுக்காது. முக்காலியை முன்னரே நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

அந்த மாலைதான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. முக்காலி நின்றது, வெளிச்சம் வந்தது, அவள் லென்சின் மூடியைப் போட்டுவிட்டாள். "இந்த இடத்தை வடிவான படமா எடுத்து வீட்டுச் சுவரிலை மாட்ட என்னாலை ஏலாதடி" என்றாள். 2009இல் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்தவர்களில் அவளுடைய சித்தியின் குடும்பமும் இருந்தது. எல்லாரும் வந்து சேரவில்லை.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான். எங்கள் கிளினிக்குக்கு வன்னியிலிருந்து இருமலோடு வருபவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தால், சில வேளைகளில் இருமலுக்குச் சம்பந்தமில்லாத ஓர் உலோகத் துண்டு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். "அது கிடக்கட்டும் டொக்டர், இருமலைப் பாருங்கோ" என்பார்கள். அதோடுதான் வயல் செய்கிறார்கள், பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். நந்திக்கடலில் அன்று மாலையும் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். அது மயானம் மட்டும்தான் என்று நாங்கள் முடிவு செய்தால் அவர் எங்கே போவார்? அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று படம் எடுக்கவுமில்லை. மறுநாள் விடிய, என்னை எழுப்பாமலே போய் ஒன்று எடுத்தாள். சுவரில் இடமிருந்து மூன்றாவது. இறால் வலையும் மனிதரின் முதுகும் மட்டுமே இருக்கின்றன, வானம் இல்லை.

நாயாற்றுக்குத் தெற்கே வீதியோரம் முழுக்கப் பற்றைக்காடு. வெளிநாட்டு நண்பர்கள் பார்த்தால் மனிதர் கால்படாத வனம் என்பார்கள். நாங்களும் அப்படித்தான் கமெராவைத் திருப்பினோம். பார்த்தால் காட்டுக்குள்ளே தென்னை. தென்னை தானாகக் காட்டில் முளைக்காது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984இல் வெளியேற்றப்பட்டார்கள். திரும்பி வந்தது போர் முடிந்த பிறகுதான். கால் நூற்றாண்டு சும்மா விட்ட வளவைக் காடு எடுத்துவிடும். நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டன. பறவைகளுக்காக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எது ஆதிக்காடு, எது ஒருவருடைய கோடிப்புறம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காட்டுக்குள் இறங்கி நடப்பதும் எல்லா இடத்திலும் முடியாது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகையைக் கண்டால் அதோடு நிற்க வேண்டும், எவ்வளவு நல்ல வெளிச்சமாக இருந்தாலும். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017 மார்கழியில். முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுபவர்களில் பெண்கள் பலர், குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். அவர்களைப் படம் எடுக்க நாங்கள் கேட்கவில்லை. வேலையில் கவனம் சிதறக்கூடாது.

மூன்றாம் நாள் முத்தையன்கட்டு. இந்தப் பயணமே அதற்காகத்தான் என்று அவள் அன்றுதான் சொன்னாள். 1995 ஐப்பசி இடப்பெயர்வை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டார் தென்மராட்சியோடு நின்று அடுத்த ஆண்டே திரும்பினோம். அவளுடைய வீட்டார் கிளாலியால் வன்னிக்குப் போய், குளத்துக்குக் கிட்டக் கொட்டில் போட்டு ஒன்றரை வருடம் இருந்தார்கள். மரத்துக்குக் கீழே எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து சாதாரண தரத்துக்குப் படித்தார்களாம்.

இடம் பிடிபடவில்லை. எல்லாம் பாலையும் வீரையுமாக ஒரே மாதிரி. வாய்க்கால் கரையில் கடை வைத்திருந்த ஓர் அம்மா எங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "பிள்ளையள் ஆரைத் தேடுறியள்?" என்றார். சொன்னோம். "உங்கை கன சனம் இருந்தது. கொட்டில் ஒண்டும் இல்லை. கிணறு கிடக்கு. ஆனைக்குப் பயத்திலை இப்ப ஒருதரும் போறேல்லை" என்றவர், மகனை மோட்டார் சைக்கிளில் முன்னே அனுப்பினார்.

கிணறு இருந்தது. கட்டு ஒரு பக்கம் சரிந்து, உள்ளே அலரி இலை போல ஏதோ செடி படர்ந்து, தண்ணீர் கறுப்பாக. வெளிச்சமும் உச்சிவெயில், படத்துக்கு ஆகவே ஆகாத நேரம். அவள் ஒரேயொரு படம் எடுத்தாள். போகும்போது முறிகண்டியில் இறங்கிக் கச்சான் வாங்கும்வரை எதுவும் பேசவில்லை.

சுவரில் கடைசியாக மாட்டியிருப்பது அந்தக் கிணறுதான். வடிவான படம் இல்லை. கட்டின் உட்புறத்தில் சீமெந்து ஈரமாக இருக்கும்போது யாரோ ஆணியால் கீறிய மூன்று பெயரெழுத்துகள் தெரிகின்றன. ஒன்று தன்னுடையது என்கிறாள். மற்ற இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்த மலர் எல்லா நாடுகளுக்கும் போகும் என்பதால் படத்தையும் அச்சிடச் சொல்லியிருக்கிறோம். 1996இல் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர் யாராவது இதைக் கண்டால், சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்.