நுண்ணுயிரின் நடையும் தாய்மொழியும்



உயிரியலைத் தூயதமிழில் கற்பித்தல் ஆகாது என்போர் இன்றும் உளர். அவர்க்கு விடையாகக் குளத்துநீர்த் துளி ஒன்றையே சான்றாகக் காட்ட விழைகின்றேன்.

அத்துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பாருங்கள். ஓரணு உயிரியாகிய அமீபா ஊர்கின்றது. அதற்குக் காலில்லை. உட்குழம்பு ஒருபுறம் பாய்ந்து புறப்படலத்தை முன்தள்ளுகின்றது; நீண்ட அப்பகுதிக்குள் எஞ்சிய உடலும் பாய்ந்து இடம்பெயர்கின்றது. வேண்டும்போது தோன்றி, வேண்டாதபோது மறையும் அவ்வுறுப்பே பொய்க்கால். பாரமீசியத்தின் உடலெங்கும் ஆயிரக்கணக்கான குற்றிழைகள் உள. விறைத்து நீரைப் பின்தள்ளி, வளைந்து முன்மீளும் அவை துடுப்புகளே. காற்றில் நெல்வயல் அலைவதுபோல் அவை வரிசையாய் அசைகின்றன. நம் குடலில் வாழும் கோலுருவ நுண்ணுயிரோ கசையிழைகளால் நீந்துவது. அவ்விழைகள் கப்பலின் சுழல்விசிறிபோல் அடியிலிருந்தே சுற்றுகின்றன என்பது 1973, 1974 ஆம் ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. ஒருபுறமாகச் சுற்றுங்கால் அவை கற்றையாகத் திரள, உயிரி நேரே செல்லும். எதிர்ப்புறமாகத் திரும்பின், கற்றை குலைந்து உயிரி புரண்டு போக்கு மாறும்.

பொய்க்கால், குற்றிழை, கசையிழை என்று கேட்ட அளவிலேயே உறுப்பின் வடிவும் தொழிலும் பிள்ளைக்கு விளங்குகின்றன. ‘சூடோபோடியா’ என்று நெட்டுருச் செய்வோனுக்கு எஞ்சுவது ஒலி மட்டுமே. அக்கிரேக்கச் சொல்லின் பொருளும் பொய்க்கால்தானே!

நுண்ணிய ஓரணு உயிர்களைக் கண்டு முதன்முதல் எழுதியவர் யார்? ஆலந்து நாட்டுத் தெல்ஃப்டு நகரத் துணி வாணிகர் இலீவன்ஃகூக்கு. அவர் பல்கலைக்கழகம் புகாதவர். அந்நாளில் அறிஞர்மொழியாய் இருந்த இலத்தீனை அறியாதவர். தாமே தேய்த்த வில்லையால் கண்டவற்றை 1676 இல் இலண்டன் அரசக் கழகத்துக்குத் தம் தாய்மொழியிலேயே எழுதினார். சில உயிர்களிடம் விரைந்தசையும் நுண்ணிய சிறுகால்களைக் கண்டதாக, வீட்டில் வழங்கும் எளிய சொல்லாலேயே குறித்தார். கழகம் அம்மடலை மொழிபெயர்த்து வெளியிட்டது. 1680 இல் அவரை உறுப்பினராகவும் ஏற்றது.

நம் முன்னோர் அமீபாவை அறிந்திருந்தனர் என்று பொய்ப்பெருமை பேசவேண்டா. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியரிடம் நுண்ணோக்கி இல்லை. நம்மிடம் அஃது உண்டு, சொல்லும் உண்டு. இல்லாதது துணிவே. ஆசிரியத் தோழர்களே! நாளை ஒரு குவளைக் குளத்துநீருடன் வகுப்புக்குச் செல்லுங்கள். பிள்ளைகள் கண்டதைத் தம் சொல்லால் எழுதட்டும். அவ்வெழுத்தால்தான் அறிவியல்தமிழ் வளரும் எனக் கூறி அமைகின்றேன்.