பழைய மோட்டாரும் பெட்ரோல் போகும் வழியும்



பாசிர் கூடாங், மாசாய் வட்டாரத்துத் தோட்டங்களில் விடியுமுன் முதலில் கேட்பது சேவலா, கப்சாய் மோட்டாரை உதைக்கும் சத்தமா என்று சொல்வது கடினம். ஒரு வீட்டு வாசலில் மட்டும் உதைக்கும் சத்தம் ஓயாமல் கேட்டால், அந்த வீட்டுக்கு அன்று தொல்லைதான். பெரட்டுக்குப் பிந்தினால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. பின்னால் உட்கார வேண்டிய பிள்ளையும் புத்தகப்பையோடு நிற்கும்.

கப்சாய் என்று நாம் சொல்வது ‘கப்’ என்ற பெயரிலிருந்து வந்ததுதான். ஹோண்டா சூப்பர் கப் ஜப்பானில் 1958ல் வெளிவந்தது. 2017க்குள் 10 கோடி வண்டிகள் செய்துவிட்டார்கள். புதிய வண்டிகள் பலவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை மின்சாரக் கருவி அளந்து பீய்ச்சுகிறது. ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையில் இன்னும் ஓடுகிற பழைய சி-70 போன்ற வண்டிகளில் அந்த வேலையைக் கார்புரேட்டர்தான் செய்கிறது. அதைப் பற்றியே இன்று பேசுவோம்.

பெட்ரோல் தண்ணீர் போலக் கிடந்தால் இஞ்சினுக்குப் பயன் இல்லை. எடைக் கணக்கில் பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறக்குறைய 15 பங்கு சேர்ந்து, பனிபோல் தூவினால்தான் நன்றாக எரியும். கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மேலே வந்ததும் தண்ணீர் நிற்கிறதல்லவா? அதே முறைதான். கிண்ணம் நிறைந்ததும் மிதவை ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். கிண்ணத்துப் பெட்ரோல் ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டுகளின் மிக நுண்ணிய துளை வழியாக மேலே போகிறது. ஒரு மணல் துகள் போதும், அது அடைபட.

வண்டி உயிர் பெறவில்லையா? உதைத்து உதைத்துக் காலை நோகடிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பலமுறை உதைத்தும் அது காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. நெருப்புப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது.

காய்ந்திருந்தால், இஞ்சின் ஆறியபின் கிண்ணத்தின் அடித் திருகாணியைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அடியில் மணிமணியாக உருண்டு நின்றால் அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனமானதால் கீழே தங்கும். கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் அடைப்பு கார்புரேட்டருக்கு மேலே இருக்கிறது: திறப்பானிலோ, வடிகட்டியிலோ, இரப்பர்க் குழாயிலோ.

அல்லது மூடியில். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மோடு வேலை செய்த ஆசிரியர் ஒருவரின் வண்டி இரண்டு மைல் நன்றாக ஓடும். பிறகு இருமி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். ஒரு மோட்டார் கடையில் இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லி, 300 வெள்ளி கேட்டார்கள். மாதக் கடைசி, அவரிடம் பணம் இல்லை. அது நல்லதாகப் போயிற்று. அடுத்தமுறை வண்டி நின்றபோது தாங்கியின் மூடியை நாம் திறந்தோம். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. மூடியிலுள்ள சிறு துளையைச் செம்மண் அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? பால்டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் ஒழுகாது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், நமக்குத்தான் தோன்றவில்லை. ஒரு குண்டூசியோடு வேலை முடிந்தது.

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைகிறதா? பெரும்பாலும் மெதுவோட்ட ஜெட் அடைத்திருக்கும். கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கம்பியை விடாதீர்கள், பித்தளை மெத்தென்றது, துளை பெரிதானால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்த்துவிடும். மெல்லிய தூண்டில் நைலான் நூல் போதும். காற்றுத் திருகாணியைத் தொடுமுன், அது உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்; திரும்பப் பூட்டும்போது அதே கணக்கில் வையுங்கள்.

கீழே பெட்ரோல் சொட்டினால், திருப்புளியின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டுங்கள். ஊசியில் சிக்கிய தூசு விழுந்துவிடலாம். நிற்கவில்லையென்றால் மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. புதிது வாங்க வேண்டியதுதான். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டியைப் பாருங்கள். சிலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறார்கள். செம்மண் தூசு இஞ்சினுக்குள் போய் அரைத்துவிடும்; அது சிக்கனம் அல்ல.

இந்த வேலை எதையும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்பையோ சாமி விளக்கையோ தேடிப் போகும். இருட்டில் தாங்கிக்குள் பார்க்க லைட்டரைக் கொளுத்தும் ஆட்களும் இருக்கிறார்கள்! கைவிளக்கும் வேண்டாம், விடியட்டும். குழாயை வாயால் உறிஞ்சுவதும் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கழுவிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றுவது நம்மிடம் பழகிப்போன குறை. 2019 மார்ச்சில் நம் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் நாடினார்கள்; 111 பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களில் மூச்சுத் திணறிய பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. நம் கையில் மிஞ்சுவது அரைக் கிண்ணம்தான். ஆனாலும் அதை உலோக டின்னில் ஊற்றி, மூடி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத நிழலில் வைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் மோட்டார் கடையில் கொடுத்துவிடுங்கள். குடிநீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.