கணக்கு பிறப்பிலேயே வருவதா?
(கோவை வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



"எம் பையன் மண்டையில கணக்கு ஏறாதுங்க. எனக்கே ஏறலீங்களே!" மில் வாசலிலும் களத்து மேட்டிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ரத்தத்தில் இல்லாதது பிள்ளைக்கு எப்படி வரும் என்பது இதன் பொருள். இது சரிதானா?

விஞ்ஞானத்தையே கேட்போம். உச்சந்தலைக்குப் பின்புறமாக, மூளையின் இரு பக்கத்திலும் ஒரு பகுதி இருக்கிறது. அளவையும் எண்ணிக்கையையும் உணர்வதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஜெர்மனியில் 178 குழந்தைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2020ல் முடிவை வெளியிட்டார்கள். கருவில் மூளையின் மேலடுக்கு வளர்வதை ஒழுங்குசெய்யும் 'ரோபோ-1' என்ற மரபணுவுக்கும், வலப்பக்கத்து அப்பகுதியின் பருமனுக்கும் தொடர்பு கண்டார்கள். 3 முதல் 6 வயதில், பள்ளிக் கணக்குப் படிக்குமுன்பே, அந்தப் பருமனை அளந்தார்கள். பிள்ளைகள் 2-ம் வகுப்புக்கு வந்தபின் கணக்குத் திறனைச் சோதித்தார்கள்.

ஆக, பிறப்புக்கும் பங்கு உண்டு. உண்மையைக் கண்டு தொழிலாளி ஏன் அஞ்சவேண்டும்? ஆனால் எவ்வளவு பங்கு? பிள்ளைக்குப் பிள்ளை காணும் திறன் வேறுபாட்டில், மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அந்தப் பருமனை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. மீதி நான்கு பங்கு? அதோடு, மில் முதலாளியின் பிள்ளை ஒரு மூளையோடும் பண்ணையாள் பிள்ளை வேறு மூளையோடும் பிறக்கிறது என்பதற்கு இந்த ஆராய்ச்சியில் எள்ளளவும் ஆதாரமில்லை. ஒரே பருத்தி விதையைக் கிணற்றுப் பாசனத் தோட்டத்திலும் மானாவாரிக் காட்டிலும் போட்டுவிட்டு, காட்டில் விளைச்சல் குறைந்தால் விதையைத் திட்டுவாருண்டா?

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். கல்கத்தா, டில்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் 1,400க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரைப் பரிசோதித்த ஆராய்ச்சி 2025ல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் செய்தது. கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1 கிலோ 400 கிராம்; 200 ரூபாய் கொடுத்தால் பாக்கி எவ்வளவு? காகிதமில்லாமல் 163 என்றார்கள் பிள்ளைகள்! இந்த மாதிரிக் கணக்குகளில், இரண்டாவது தடவைக்குள் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் பள்ளிப் பாணியில் ஒரு வகுத்தல் கணக்கைக் கொடுத்தபோது, கல்கத்தாவில் 32 சதவீதத்தினரே சரியாகப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

பிள்ளைகள் கடையில் நின்று உழைப்பதை நாம் மெச்சவில்லை. அவர்கள் இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஆனால் மூளை மந்தம் என்ற பேச்சு எங்கே போயிற்று? சந்தையில் வேலை செய்கிற மூளை வகுப்பில் மட்டும் செத்தா போகும்? தெரிந்த கணக்கிலிருந்து ஏட்டுக் கணக்குக்குப் பாலம் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

1953ல் ராஜாஜி மந்திரிசபை, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று திட்டம் போட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954ல் காமராஜர் முதல் மந்திரியானதும் அதைக் கைவிட்டார். திட்டம் போயிற்று, அந்த எண்ணம் மட்டும் நம் வீட்டுத் திண்ணையிலேயே குந்தியிருக்கிறது!

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேராவது பெற்றோராக இருக்கவேண்டும் என்கிறது 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டம். கூட்டம் என்றைக்கு என்று விசாரியுங்கள். அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டாவது போங்கள். சந்தையில் வாயால் போடும் கணக்கைக் கரும்பலகையில் எழுதப் பழக்குகிறீர்களா என்று ஆசிரியரிடம் மரியாதையோடு கேளுங்கள். அங்கே ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், அதை நிரப்பக் கோரித் தீர்மானம் போடுங்கள்.