ஆறு நொடி மௌனம்

நடுராத்திரியில் மனைவியைத் தட்டி எழுப்பி, மத்தியானம் மிஞ்சிய ஈரல் சாசேஜ் இருக்கிறதா என்று கேட்கிறான் ஒருவன். பெயர் பொத்சிகால்னிக்கவ். அவனுக்கு வேலை இல்லை, அவள் சம்பளத்தில்தான் சாப்பாடு. வாய்ச்சண்டை முற்றுகிறது. ஆள் இருட்டில் நழுவ, சாகத்தான் போய்விட்டான் என்று வீடே அலறுகிறது. நிக்கலாய் எர்த்மன் 1928-இல் எழுதிய 'தற்கொலையாளி' நாடகம் இப்படித் தொடங்குகிறது.

பயப்படாதீர்கள், இது சிரிப்பு நாடகம். சேதி பரவியதும் ஆளாளுக்கு வந்து நிற்கிறார்கள். அறிவாளிகளுக்காகச் சாகச் சொல்கிறார் ஒருவர், வியாபாரத்துக்காகச் சாகச் சொல்கிறார் கசாப்புக்காரர், பாதிரியாருக்கும் ஒரு கோரிக்கை. செத்தவன் பெயரில் எதையும் சொல்லலாம், அவனைக் கைது செய்ய முடியாதே!

வழியனுப்பு விருந்தில் போதை ஏறியதும் அவன் கிரெம்ளினுக்கே போன் போடுகிறான். மார்க்ஸைப் படித்தேன், பிடிக்கவில்லை என்கிறான். மறுமுனையில் ரிசீவரை வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் காட்சியை வானொலிக்காக ஒலிப்பதிவு செய்தபோது, அந்த 'டொக்' சத்தத்துக்காகவே பழைய கறுப்புத் தொலைபேசி தேடி அலைந்தேன். அதன்பின் எத்தனை நொடி மௌனம் விடுவது என்று எங்களுக்குள் வாக்குவாதம். நாலு நொடி தாண்டினால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள், எனக்குத் தெரியும். ஆறு நொடி விட்டேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நடிகர்கள் அந்த ஆறு நொடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நாடகத்துக்கும் அதை எழுதியவருக்கும் நேர்ந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவின் பெரிய இயக்குநர்கள் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, மேயர்கோல்ட் இருவருமே இதை மேடையேற்றத் துடித்தார்கள். நாடகம் வெறுமையானது என்று 1931-இல் ஸ்தானிஸ்லாவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார் ஸ்டாலின். 1932-இல் தடை. மறுவருடம் கருங்கடல் ஓரத்துக் காக்ராவில், அவர் எழுதிய திரைப்படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது எர்த்மன் கைதானார். காரணம் இந்த நாடகமல்ல, அவர் எழுதிய சில கிண்டல் கவிதைகள். சைபீரியாவின் யெனிசெய்ஸ்க்குக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் 'மாமின் சிபிரியாக்' என்று கையெழுத்திட்டார். அது ஒரு பழைய எழுத்தாளரின் பெயர், 'அம்மாவின் சைபீரியாக்காரன்' என்றும் பொருள்படும். அந்த நிலையிலும் விளையாட்டு விடவில்லை மனுஷனை!

நாடகம் முதலில் மேடை கண்டது 1969-இல், சுவீடனில். மறுவருடம் எர்த்மன் இறந்தார். மாஸ்கோ மேடைக்கு வர 1982 ஆயிற்று.

நேரம் முடிகிறது. நாடகக் குழு வைத்திருக்கும் நேயர் யாராவது இதைத் தமிழில் போட்டால் சொல்லியனுப்புங்கள். கறுப்புத் தொலைபேசி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.