பந்தும் பொறம்போக்கும்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி அணுபுரத்தில் நடந்த பெண்கள் வாலிபால் போட்டியின்போது பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'திறமையுள்ள இளம் பெண்கள் தேசிய அணிகளிலிருந்து ஏன் சீக்கிரமே விலகிவிடுகிறார்கள்' என்பது. பேங்க்ல கிளார்க்கா உட்கார்ந்து பாஸ்புக் என்ட்ரி போடறவ, ராத்திரியில கவிதை எழுதறவ, இவகிட்ட எதுக்கு இந்தத் தலைப்புன்னு சிலருக்குத் தோணும். நானும் ஆடினவதான். செட்டர். காலேஜ் அணி, மாவட்ட அணி, அதோட சரி. இங்க இருக்கறவங்கள்ல தேசிய ஜெர்சி போட்டவங்க யாரும் இல்ல. ஆனா அவ்வளவு உசரத்துக்குப் போன பொண்ணு இருபத்தி மூணு வயசுல நிக்கறதுக்கும், நம்ம தெருப் பொண்ணு பத்தாவதோட நிக்கறதுக்கும் காரணம் வேறவேறன்னு நான் நினைக்கல. அதனாலதான் ஒத்துக்கிட்டேன்.

முதல்ல ஜப்பானுக்குப் போயிட்டு வருவோம். தூரம்தான், ஆனா கதை நம்ம கதை.

கைசூகா என்ற ஊரில் நிச்சிபோ என்று ஒரு பஞ்சாலை. அதில் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்த வாலிபால் அணி. பகலில் ஆலை வேலை, சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி வரைக்கும் பயிற்சி. டைமாட்சு என்கிற பயிற்சியாளர், பட்டாளத்தில் இருந்தவர், ஈவு இரக்கமில்லாமல் உருட்டி எடுத்தார். தரையில் உருண்டு பந்தை எடுக்கும் வித்தை அந்தப் பெண்களின் இடுப்பிலும் தோளிலும் ஏறிய காயத்திலிருந்து வந்தது. 1962இல் மாஸ்கோ உலகப் போட்டியில் சோவியத் அணியை அடித்தார்கள். 'கீழைநாட்டுச் சூனியக்காரிகள்' என்று பேர் வந்தது. பொண்ணு நல்லா ஆடினா சூனியக்காரி; அது எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் போல.

அந்த வெற்றியோடு பலரும் நிறுத்திக்கொள்ள நினைத்தார்கள். கல்யாண வயது தாண்டிப் போகிறது என்று வீட்டில் நெருக்கடி. ஆனால் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாக வாலிபாலைச் சேர்த்திருந்தார்கள். போகாதீர்கள், நாட்டு மானம் உங்கள் கையில் என்று நாடெங்கிலுமிருந்து கடிதம் கடிதமாக வந்து குவிந்தது. இருந்தார்கள். 1964 அக்டோபர் 23 அன்று தங்கம் வாங்கினார்கள். அணித்தலைவி கசாய் மசாஎவுக்கு அப்போது வயது 31. ஆட்டம் முடிந்த பிறகு நாட்டின் பிரதம மந்திரி சாட்டோவே முன்னின்று அவருக்கு மாப்பிள்ளை பார்த்தார். நல்லா கவனியுங்க. உலகத்தையே ஜெயிச்ச ஒருத்திக்கு ஒரு நாடு பட்ட கடன், ஒரு மாப்பிள்ளை!

இதுல நான் பார்க்கறது என்னன்னா, 'விலகு'ன்னு சொன்னதும் குடும்பம், 'விலகாதே'ன்னு சொன்னதும் நாடு. நடுவுல அந்தப் பஞ்சாலைக்காரி என்ன நினைச்சான்னு கடைசியாத்தான் கேட்டாங்க. ஒரு பெண் அணியை விட்டுப் போகும்போது 'திறமை வீணாப் போச்சே'ன்னு அங்கலாய்க்கிறவங்களப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். யாருடைய திறமை, யாருக்கு வீணாச்சு?

நம்ம நாட்டுக்கு வருவோம். இந்திய ஆண்கள் அணி ஆசியப் போட்டியில் 1958இல் வெண்கலம், 1962இல் வெள்ளி, 1986இல் சியோலில் மறுபடி வெண்கலம் வாங்கியிருக்கிறது. பெண்கள் அணி ஆசியப் போட்டியில் ஒரு பதக்கமும் வாங்கியதில்லை. ஏன்? பெண்களுக்கு வலை 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. விதிப்புத்தகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இந்தப் பத்தொன்பது சென்டிமீட்டர்தான். மீதி வித்தியாசம் எல்லாம் விதிப்புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது.

பெண்கள் தேசிய இறுதிப்போட்டி என்றால் பல வருஷமாக ரயில்வேயும் கேரளாவும்தான். ரயில்வே அணியிலும் பாதிக்கு மேல் மலையாளப் பெண்களைப் பார்க்கலாம். அங்கே தண்ணியில ஏதும் விசேஷம் இல்லை. போலீசில், மின்வாரியத்தில், ரயில்வேயில், ஆடுகிற பெண்ணுக்கு வேலை என்று ஒரு வழி திறந்து கிடந்தது. ஆட்டம் அந்த வழியில் நடந்து வந்தது. ஆக ஏழை வீட்டுப் பெண்ணுக்கு வாலிபால் என்பது முதலில் வேலை. அப்புறம்தான் நாடு.

இதை நான் குறையாச் சொல்லல. நடுத்தர வர்க்கத்து விளையாட்டு விமர்சகருக்கு இது கேவலமாத் தெரியும். 'வேலை கெடச்சதும் ஆட்டத்த விட்டுட்டாங்க'ன்னு எழுதுவார். ஐயா, உங்க வீட்டுல மூணு தலைமுறையா உத்தியோகம் இருக்கு. எங்க ஆயா நாத்து நட்டவங்க. எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போனவங்க. நான் பேங்க் பரிட்சைக்குப் படிக்கப் பந்தக் கீழ வச்சேன், இன்னிக்கும் அதுக்காக வருத்தப்படல. முதல் சம்பளத்துல எங்கம்மா வாங்கிக்கிட்ட கேஸ் அடுப்பு எந்தப் பதக்கத்துக்கும் கொறஞ்சது இல்ல. வேலைக்காக அணிய விட்டுப் போற பொண்ண நாம யாரும் குத்தம் சொல்லக்கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேற: வேலையையும் ஆட்டத்தையும் ஒண்ணா வச்சிக்க ஏன் முடியல?

ஆண்களுக்கு ஒரு வழி போட ஆரம்பிச்சாங்க. 2019 பிப்ரவரியில புரோ வாலிபால் லீக், கொச்சியிலயும் சென்னையிலயும் நடந்தது. சென்னை அணிதான் கோப்பை வாங்கிச்சு. 2022ல பிரைம் வாலிபால் லீக். ஏலம், டிவி, விளம்பரம் எல்லாம் உண்டு. ரெண்டுமே ஆம்பளைங்களுக்குத் தொடங்கினது. பொண்ணு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் முட்டி தேய எகிறிக் குதிச்சா அவ கையில என்ன மிஞ்சும்? சான்றிதழ். அதை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு எங்க பேங்க்குக்குக் கல்விக் கடன் கேட்டு வர்றாங்க. நான் பார்த்திருக்கேன்.

இன்னொன்று, சம்மேளன நிர்வாகிகளின் நாற்காலிச் சண்டை. 2016 டிசம்பரில் உலக வாலிபால் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. நிர்வாகிக்கு அறுபது வயதிலும் ஒரு வருஷம் ஒரு வருஷம்தான். பத்தொன்பது வயதுக்காரிக்கு ஒரு வருஷம் என்பது ஆட்டத்தில் பாதி.

இப்ப உடம்பு விஷயம். இதைச் சொல்லாம இந்தப் பேச்சு முழுசாகாது.

சாந்தி சௌந்திரராஜனை உங்களுக்கெல்லாம் தெரியும். அவர் வாலிபால் இல்லை, ஓட்டம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் உழைத்த தலித் குடும்பம். 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. சில நாள்தான். பாலினச் சோதனை என்று சொல்லி, அவர் பெண்ணே இல்லை என்று ஊருலகத்துக்கு அறிவித்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். சாக முயன்றார். 2012இல் அதே செங்கல் சூளையில் கூலி வேலை செய்துகொண்டிருந்ததைப் பத்திரிகைகள் எழுதின. பிறகு பயிற்சியாளருக்கான படிப்பை முடித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை பெற்றார். ஒடிசா ஓட்டக்காரி துதி சந்த் 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் அந்த விதியையே நிறுத்திவைத்தார். அவர் பின்னால் வக்கீல்கள் நின்றார்கள், அரசாங்கம் நின்றது. 2006இல் சாந்தி பின்னால் யார் நின்றது? இயக்கங்களான நாமும்கூட அன்னிக்குப் போதுமான அளவு நிக்கலங்கறதை இந்த மேடையில சொல்லித்தான் ஆகணும்.

2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றது. அதே அணிக்காக அதற்குச் சில நாள் முன் தென்னாப்பிரிக்காவோடு மூன்று கோல் அடித்தவர் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண். தோற்ற அன்று அரித்துவார் பக்கத்தில் அவர் வீட்டு வாசலில் சாதி இந்துக்கள் வெடி வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று வசை பாடினார்கள். நாடு தோத்ததுக்குப் பட்டாசு வெடிக்கிறவன் தேசபக்தன், மூணு கோல் போட்டவ தீட்டு! வந்தனா விலகவில்லை. 2025 வரைக்கும் ஆடி, முந்நூறு ஆட்டங்களைத் தாண்டி, தானாக ஓய்வு பெற்றார்.

இத்தாலியில் பாவ்லா எகோனு. நைஜீரியப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர், கறுப்புப் பெண், உலகத்தின் தலைசிறந்த வாலிபால் வீராங்கனைகளில் ஒருத்தி. 2022 அக்டோபரில், 23 வயதில், தேசிய அணியில் இதுவே எனக்குக் கடைசி ஆட்டம் என்று அழுதார். நீ எப்படி இத்தாலியக்காரி என்று கேட்டே அவரைத் தளர வைத்திருந்தார்கள். திரும்பி வந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இத்தாலி தங்கம் வாங்கியது, சிறந்த ஆட்டக்காரி அவர்தான். உடனே ரோம் நகரத்தில் ஒரு ஓவியர் சுவரில் அவர் படம் வரைந்தார். மறுநாளே யாரோ வந்து அந்தப் படத்தின் தோலுக்கு வெள்ளைக்காரி நிறம் பூசிவிட்டுப் போனார்கள். பதக்கம் வேணும், தோலு வேணாம்.

பயிற்சியாளர் என்ற ஆண் அதிகாரத்தைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோவில் கைதானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் சாக்‌ஷி மாலிக் தில்லியில் தன் மல்யுத்த ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கினவளுக்கே கேட்க நாதி இல்லைன்னா, பதினாலு வயசுல விடுதியில சேர்ற பொண்ணு யார்கிட்ட போய்ச் சொல்வா? அம்மாகிட்ட சொன்னா மறுநாளே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. அதுக்குப் பயந்தே பாதிப் பொண்ணுங்க வாயத் திறக்கறதில்ல. மீதிப் பேரு சத்தமில்லாம வீட்டுக்குப் போயிடறாங்க. நம்ம கணக்குல அவங்க 'விலகிட்டாங்க'.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்த அணுபுரத்துல விஞ்ஞானிங்க, இன்ஜினியருங்க வீட்டுப் பொண்ணுங்களும் நல்லாத்தான் ஆடறாங்க. பத்தாவது வந்ததும் ஐஐடி, நீட் கோச்சிங்னு பந்து பரணுக்குப் போயிடுது. அங்க படிப்பு நிறுத்துது. வேலிக்கு வெளிய நம்ம தெருவுல வேற. வயசுக்கு வந்த பொண்ணு அரை டிராயர் போட்டுக்கிட்டுக் குதிக்கறாளேன்னு ஊர் பேசும். ஊர் மட்டுமா, நம்ம மாமனுங்களும் சித்தப்பனுங்களும்தான் பேசறாங்க. நீலக்கொடி கட்டற தம்பிங்களே, சாயங்காலம் ஆனா கிரவுண்டு உங்களுக்கு, பொண்ணுங்களுக்கு ஓரத்துல நின்னு பந்து பொறுக்கிப் போடற வேலை. இது எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? அண்ணல் எழுதின சட்டத்துல இல்ல.

அந்தக் கிரவுண்டும்கூட யாருடையது? வாலிபால் ஏழைங்க ஆட்டம். ஒரு பந்து, ஒரு வலை, ரெண்டு கம்பம். சவுக்குக் கம்பம் போதும், நம்ம கடற்கரையில அதுக்குப் பஞ்சமில்ல. ஆனா பதினெட்டு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் அகலம் நிலம் வேணுமே. இது செங்கல்பட்டுச் சீமை. 1891ல கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களோட நிலைமையப் பத்தி அறிக்கை எழுதி, அதிலிருந்து பஞ்சமி நிலம் பிறந்த மண்ணு. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் காரணையில அம்பேத்கர் சிலை வச்சதுக்கு, 1994 அக்டோபர் 10ல செங்கல்பட்டுல துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமசும் ஏழுமலையும் செத்த மண்ணு. அப்புறம் என்ன ஆச்சு? கிழக்குக் கடற்கரைச் சாலை ரெண்டு பக்கமும் மனை மனையா வேலி. 2022ல பூஞ்சேரியில செஸ் ஒலிம்பியாட் நடந்தது, உலகமே வந்தது, எனக்கும் சந்தோஷம்தான், நானும் போய்ப் பார்த்தேன். நம்ம பொண்ணுங்க ஆடறது மட்டும் இன்னும் ஏரிக்கரைப் பொறம்போக்குல. மழை பேஞ்சா ஆட்டம் இல்ல, இருட்டினா ஆட்டம் இல்ல, அறுவடை வந்து களம் போட்டா ஆட்டம் இல்ல. இப்படி ஆடிக் கத்துக்கிட்ட பொண்ணு ஒருநாள் தேசிய முகாமுக்குப் போனா, அங்க மரத்தரையில வந்து இறங்கற பந்தோட வேகமே அவளுக்குப் புதுசு. மூணாம் நாள் முட்டி வீங்கும். வைத்தியம் பார்க்கக் காசு கெடையாது. 'உடற்தகுதி இல்லை'ன்னு எழுதி அனுப்பிடுவாங்க.

மே 1ஆம் தேதி கிராம சபை. ஒரு மனு எழுதி வச்சிருக்கேன். சாயங்காலம் அஞ்சிலிருந்து ஏழு வரைக்கும் கிரவுண்டு பெண்களுக்கு மட்டும், ரெண்டு விளக்குக் கம்பம், ஒரு கழிவறை, பூட்டுப் போட்டு. நாலு கோரிக்கைதான். ஆட்டம் முடிஞ்சு போறதுக்குள்ள பொண்ணுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. அம்மாக்களும் போடுங்க. தம்பிங்களே, நீங்களும் வரிசையில நில்லுங்க. பேனா என்கிட்ட இருக்கு.