இடையறாச் சேவையும் பொதுக் களஞ்சியமும்



ஒரே கணிப்பொறிக்குள் பல கணிப்பொறிகளை இயங்கச் செய்யும் கலை ஒன்று உண்டு. உள்ளிருக்கும் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி நினைவகமும் தனி வட்டும் உடையது போலவே தொழிற்படும். இவற்றை மெய்நிகர் கணிப்பொறிகள் என்பர். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் மிகப் பெரிய இயந்திரங்களில் செய்து காட்டிய இக்கலை, 2007-ஆம் ஆண்டில் லினக்ஸின் உட்கருவிலேயே இடம் பெற்றது. அதன் பயனாக, இன்று இளைஞர் பலர் தம் வீட்டிலேயே சிறிய சர்வர்களை அமைத்துக்கொள்கின்றனர். குடும்பத்தின் புகைப்படங்களும், கல்லூரிப் பாடக்குறிப்புகளும், பல மாதம் உழைத்து எழுதிய ஆய்வேடுகளும் அவற்றில் குடியிருக்கின்றன.

அப்பெட்டி ஒருநாள் பழுதுற்றால் என்னாகும்? இக்கேள்விக்கு அறிஞர்கள் கண்ட விடையே இடையறாச் சேவை என்பது. ஒரு பெட்டி நின்றால், அதன் வேலையை மற்றொரு பெட்டி தானே ஏற்றுக்கொள்ளுதல் என்று இதற்குப் பொருள். இவ்வேற்பாடு எவ்வாறு நடைபெறுகிறது, அது எதைக் காக்கும், எதைக் காக்காது என்பனவற்றையே இன்று ஆராய்வோம்.

பள்ளிக்கூடத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வகுப்பாசிரியர் ஒருநாள் வரவில்லை. தலைமையாசிரியர் வேறோர் ஆசிரியரை அவ்வகுப்பிற்கு அனுப்புகிறார். ஆனால் வருகைப் பதிவேடும் மதிப்பெண் ஏடும் வராத ஆசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தால், வந்தவர் என் செய்வார்? ஏடுகள் பொது அலமாரியில் இருந்தால் அன்றோ வேலை தொடர்ந்து நடக்கும்? மெய்நிகர் கணிப்பொறிக்கு அதன் வட்டுதான் ஏடு. அது நின்றுபோன பெட்டிக்குள்ளேயே அகப்பட்டுக் கிடந்தால் மற்றப் பெட்டிகளால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவேதான் எல்லாப் பெட்டிகளும் எட்டக்கூடிய பொதுக் களஞ்சியம் தேவைப்படுகிறது.

எளிய முறை, வட்டுகள் நிறைந்த தனிப் பெட்டி ஒன்றை வலையமைப்பில் இணைத்து, மற்றப் பெட்டிகள் யாவும் அதனையே பயன்படுத்துமாறு செய்தல். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எப்.எஸ். என்னும் முறை இதற்கு இன்றும் உதவுகிறது. ஆயினும் இதிலுள்ள குறையைக் கவனியுங்கள். மூன்று பெட்டிகள் இருந்தும் களஞ்சியம் ஒன்றே. அது நின்றால் மூன்றும் நிற்கும். அபாயம் நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

இக்குறையை நீக்க, களஞ்சியத்தையே பல பெட்டிகளில் பரப்பி வைக்கும் முறை பிறந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் சேஜ் வைல் என்பவர் தம் முனைவர் பட்ட ஆய்வில் உருவாக்கிய செப் என்னும் மென்பொருள் இவ்வகையைச் சேர்ந்தது. வழக்கமான அமைப்பில் அது ஒவ்வொரு தகவலையும் மூன்று படிகளாக, மூன்று வெவ்வேறு பெட்டிகளில் வைக்கிறது. ஒரு பெட்டி அழிந்தாலும் இரண்டு படிகள் எஞ்சும், வேலை நடக்கும். இதற்கு விலையும் உண்டு. பெட்டிக்கு 1 டெராபைட் வீதம் மூன்று டெராபைட் வாங்கினால், பயன்படுவது ஒரு டெராபைட் அளவே. எழுதும் ஒவ்வொன்றும் வலையமைப்பின் வழியே மற்றப் பெட்டிகளுக்கும் சென்றாக வேண்டுமாதலால், வலையமைப்பும் விரைவுடையதாக இருத்தல் வேண்டும்.

அவ்வளவு செலவு செய்ய இயலாதவர்க்கு இடைவழி ஒன்று இருக்கிறது. குறித்த காலத்திற்கு ஒருமுறை, மாறியவற்றை மட்டும் அடுத்த பெட்டிக்குப் படியெடுத்து அனுப்பலாம். 15 நிமிடத்திற்கு ஒருமுறை அனுப்பினால், விபத்தின்போது கடைசி 15 நிமிட வேலை வரையில் இழக்க நேரும். வீட்டிற்கு அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய இழப்பே.

இனி, இப்பொருளின் நுட்பமான பகுதிக்கு வருவோம். இரண்டு பெட்டிகள் மட்டும் இருக்கின்றன; இடையிலுள்ள கம்பி அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'மற்றது இறந்தது' என்று ஒவ்வொன்றும் எண்ணும். இரண்டும் ஒரே வேலையைத் தொடங்கும். ஒரு பதிவேட்டில் இரு ஆசிரியர் ஒருவரையொருவர் அறியாமல் எழுதினால் எவ்வளவு குழப்பமோ அவ்வளவு குழப்பம் விளையும். இதனைத் தவிர்ப்பது பெரும்பான்மை விதி. மூன்று வாக்குகளில் இரண்டு உள்ள பக்கமே இயங்கலாம். தனித்து நிற்கும் பெட்டி தன் வேலையை விட்டுத் தன்னையே மறுதொடக்கம் செய்துகொள்ள வேண்டும். அது ஒதுங்கியதற்கு உரிய காலம் கழிந்த பின்னரே மற்றவை அவ்வேலையை ஏற்கும். மூன்றாவது பெட்டி வாங்க வசதியில்லையெனில், வாக்களிக்க மட்டும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணிப்பொறி ஒன்றே போதும்.

ஒன்றாயிருந்த பதிவு இரண்டாகிவிட்டால் எவ்வளவு துன்பம் என்பதை 2018 அக்டோபரில் கிட்ஹப் நிறுவனம் கண்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அதன் வலைத்தொடர்பு 43 வினாடிகள் அறுந்தது. கிழக்கில் எழுதியவை முழுவதும் போய்ச் சேருமுன் மேற்குக் கரை தலைமை ஏற்றுப் புதியன எழுதத் தொடங்கியது. இரு பக்கத்திலும் மற்றதில் இல்லாத பதிவுகள் இருந்தன. அவற்றைச் சீர்செய்து சேவையை முழுமையாக மீட்க 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

இத்தனையும் செய்த பின்னர், நம் ஏடுகளுக்கு இனி ஆபத்தில்லை என்று கருதலாமா? கூடாது. இடையறாச் சேவை இயந்திரத்தின் பழுதிலிருந்து காக்கும். மனிதனின் பிழையிலிருந்து காக்காது. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், மூன்று படிகளிலிருந்தும் அது உடனே அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பணியாளர் ஒருவர், வேறோர் இயந்திரம் என்று கருதி முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். ஒழுங்காக எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புப்படிகள் பயன்படவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்திருந்த ஒரு படியே அவர்களுக்குக் கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின. எனவே வேறோர் இடத்தில் தனியாக வைக்கும் காப்புப்படி எந்நிலையிலும் வேண்டும். அதிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுப் பார்த்தாலன்றி, அதனைக் காப்புப்படி என்று நம்பலாகாது.

மாணவர்களே, வீட்டில் இத்தகைய அமைப்பைச் செய்ய விரும்புவோர் முதலில் ஒரு தாளில் படம் வரையுங்கள். எது ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பெட்டிகள் மூன்றாயினும் மின் இணைப்புப் பலகை ஒன்றாக இருக்கலாம். வலையமைப்பை இணைக்கும் ஸ்விட்ச் ஒன்றாக இருக்கலாம். பிறகு, முக்கியமான வேலை இல்லாத ஒரு நாளில், காப்புப்படி எடுத்து வைத்துவிட்டு, ஒரு பெட்டியின் மின்கம்பியை நீங்களே பிடுங்குங்கள். சில நிமிடங்களில் வேலை மற்றப் பெட்டியில் தொடங்குகிறதா என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் கணிப்பொறி அங்கே புதிதாகவே தொடங்குமாதலால், சேமிக்காமல் விட்ட வரிகள் திரும்பி வாரா என்பதையும் அப்போது காண்பீர்கள்.

இவ்வளவு முயற்சி வேண்டாம் என்று கருதுவோர், ஒரே பெட்டியும் நல்ல காப்புப்படியும் வைத்துக்கொண்டால் போதும். சேவை சில மணி நேரம் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். பல மாத உழைப்பு அழிந்தால் பொறுக்க இயலாது. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்து, வருமுன் காத்துக்கொள்வீர்களாக.